மணலில் ஓடிய கப்பல்

கடற்கரை மணலில் பலகைகளை வரிசையாகப் போட்டு, உழவர்களை உட்காரவைத்து, கையில் துடுப்பைக் கொடுத்து, வலியுங்கள் என்றால் எதை வலிப்பார்கள்? காற்றைத்தான் வலிப்பார்கள். ரோமாபுரிக்குப் பக்கத்துத் துறைமுகமான ஓஸ்டியாவில் இரண்டு மாதமாக நடந்தது அதுதான். ரோமாபுரியின் எதிரியான கார்த்தேஜ்காரன் கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகிறவன். அவனுடைய போர்க்கப்பல் ஒன்று கரையொதுங்கியதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி நூறு கப்பல் கட்டி அவனை சிசிலியில் மடக்கிவிடலாம் என்று ரோமாபுரியில் முடிவெடுத்துவிட்டார்கள். தச்சர்கள் கட்டித் தருவார்கள், சரி. ஓட்டுவது யார்?

அந்தத் தலைவலி ஸ்தெனியஸ் தலையில் விழுந்தது. நியாப்போலிஸ் துறைமுகத்தில் துடுப்பு வலித்தே முதுகு வளைந்தவர் அவர். கப்பல் தயாராகும்வரை மணலிலேயே பழக்குங்கள் என்றார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

முதல் பலகையில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய மருமகன் நாட்டா. மலைப்பக்கத்து உழவன், படைக்கு ஆளெடுத்தபோது மாட்டிக்கொண்டான். இங்கே வந்த பிறகுதான் கடலையே பார்த்தான். "அவரை முழுசா கூட்டிட்டு வந்துருங்கப்பா" என்று மகள் மாயியா வாசலில் நின்று சொன்னது அவரை உறங்கவிடவில்லை. அந்தப் பயத்தில்தான் மற்றவர்களைவிட அவனை அதிகமாகத் திட்டினார்.

"யோசிக்காதீங்கடா! குழல் ஊதினா கை தானா போகணும்" என்று தொண்டை வறளக் கத்தினார். முதலில் ஒருவன் முதுகில் இன்னொருவன் துடுப்பு இடித்தது. ஏர் பிடித்த கைகள், இழுப்பதற்குப் பதிலாக அழுத்தின. போகப் போகப் படிந்துவிட்டது. குழல்காரன் ஊதினால் அத்தனை முதுகும் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக நிமிர்ந்தன. அதைப் பார்க்கப் பார்க்க ஸ்தெனியஸுக்குப் பயம்தான் கூடியது. காற்றுக்கு ஏது கனம்? தண்ணீர் ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தால் இந்த அழகெல்லாம் எங்கே போகும்?

கப்பல்கள் முடிந்தன. படையதிகாரி மாமெர்கஸிடம் போய், ஒரே ஒரு மாதம் துறைமுகத் தண்ணீரிலேயே பழக்க விடுங்கள் என்று கெஞ்சினார். துடுப்பைத் தொட்டே பார்க்காத அந்த மனிதர் மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டே யோசித்தார். நாளை வந்து பார்வையிடுகிறேன். மோசமாக இருந்தால் ஒரு மாதம் தருகிறேன், நன்றாக இருந்தால் மறுநாளே சிசிலிக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.

மோசமாக இருந்தால் போதும்! ஸ்தெனியஸுக்கு உயிர் வந்தது. சாயங்காலம் கோதுமைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்களை அழைத்து விஷயத்தைச் சொன்னார். நாளைக்குத் துடுப்பைத் தாறுமாறாகப் போடுங்கள், உயிர் பிழைக்க ஒரு மாதம் கிடைக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கென்ன மாமா, மோசமாப் போட எங்களுக்குச் சொல்லியா தரணும்?" என்றான் நாட்டா.

மறுநாள் மாமெர்கஸ் மணலில் போட்ட பலகைகளுக்கு முன்னால் வந்து நின்றார். குழல் ஊதியது. அத்தனை முதுகும் ஒன்றாகக் குனிந்தன, ஒன்றாக நிமிர்ந்தன. ஸ்தெனியஸ் இருமினார். மாமெர்கஸின் பின்னால் நின்று கையை ஆட்டினார். பல்லைக் கடித்தார். ஒரு துடுப்பாவது பிசகவேண்டுமே! அன்றைக்குப் போல ஒழுங்காக அவர்கள் என்றைக்குமே வலித்ததில்லை. மாமெர்கஸ் கைதட்டி, அவர் தோளில் தட்டி, விடிந்ததும் புறப்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்தெனியஸ் நேரே போய் நாட்டாவின் சட்டையைப் பிடித்தார்.

"அதிகாரி முன்னாடி ஜோரா வலிச்சுக் காட்டணும்னு தோணிருச்சோ மாப்பிள்ளைக்கு? என் பொண்ணை நினைச்சுப் பார்த்தீங்களா?"

"சத்தியமா கெடுத்துப் போடணும்னுதான் உட்கார்ந்தேன் மாமா" என்றான் நாட்டா. அவன் முகம் வெளுத்திருந்தது. "குழல் ஊதினதும் கை போயிருச்சு. நிறுத்தப் பார்த்தேன், நிக்கல. நீங்கதானே யோசிக்காதேன்னு சொன்னீங்க."

ஸ்தெனியஸ் சட்டையை விட்டார்.

அடுத்த அணியைப் பழக்க அவர் கரையிலேயே இருந்திருக்கலாம். இருக்க மனம் ஒப்பவில்லை. முதல் கப்பலில் ஏறி நாட்டாவின் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். துறைமுக வாய் வரைக்கும் கப்பல் ஒழுங்காகத்தான் போனது. வெளிக்கடலின் முதல் அலை கப்பலை ஒரு பக்கம் தூக்கியது. அந்தப் பக்கத்துத் துடுப்பெல்லாம் வெறுங்காற்றில் வீசின. எதிர்ப்பக்கத்துத் துடுப்புகளைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கைப்பிடியால் மார்பில் அடித்தது. நாலைந்து பேர் பலகையிலிருந்து மல்லாந்து விழுந்தார்கள்.

"குழலை நிறுத்து!" என்று ஸ்தெனியஸ் கத்தினார்.

குழல் நின்றது. கைகள் நிற்கவில்லை. அலை எங்கே இருக்கிறது என்று பாராமல், இல்லாத குழலுக்கு அத்தனை பேரும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். தெற்கே எதிரியின் பாய் தெரிகிறது என்று மேலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். ஸ்தெனியஸ் பலகையில் உட்கார்ந்து, மருமகனின் இரண்டு கைகளையும் தன் கைகளால் துடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப இல்ல மாப்பிள்ளை. தண்ணி வரட்டும். பொறு."

அவர் பிடிக்குள்ளேயே அந்தக் கைகள் முன்னும் பின்னும் இழுத்தன.