எட்டேழு ஐம்பத்தாறு

எனக்கு முகம் மறந்துபோகிற கதை ஊருக்கே தெரியும். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் லண்டனில் இருந்து வந்த ஒருவர் என் முன்னால் வந்து நின்று, "மாமி, என்னைத் தெரியுதோ? ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு விளையாட்டு. பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் வாய் தேய்ந்தா போய்விடும்? நானும் சும்மா இருக்காமல், "தெரியாமலோ! அப்பா சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டுவைத்தேன். அவன் என் மனுசனின் தங்கை மகன் கேதீஸ்வரன். அவனுடைய அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து எனக்கு இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

எழுபத்திரண்டு வயதில் இப்படித்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சரி, இருக்கட்டும். ஆனால் லத்தீபா வருகிறாள் என்றதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவளையும் தெரியாமல் நின்றால் நான் என்ன மனிசி?

லத்தீபாவும் நானும் ரவுணில் கடைத்தெருப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் ஒன்றாகப் படிப்பித்தோம். ஏழாம் வாய்ப்பாடு எந்தப் பிள்ளைக்கும் ஏறாது. அதற்கு அவள்தான் ஒரு மெட்டுக் கட்டினாள். என்ன மெட்டு! பிள்ளைகள் ரோட்டிலும் பாடிக்கொண்டு போவார்கள். எட்டேழு ஐம்பத்தாறு வரும் இடத்தில் அது மேலே ஏற வேண்டும். என் குரலோ சரியாக அந்த இடத்தில் கீழே விழும். உடனே அவள் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என் முழங்கைச் சதையை இரண்டு விரலால் பிடித்து நுள்ளுவாள். நுள்ளென்றால் அப்படி ஒரு நுள்ளு!

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் ரவுணில் இருந்த முஸ்லிம் சனத்தைத் துவக்கோடு வந்த இயக்கக்காரர் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். எனக்குச் செய்தி வர நேரம் போய்விட்டது. கொக்குவிலில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். அவளுடைய வீட்டுப் படலை திறந்து கிடந்தது; உள்ளே ஒருத்தரும் இல்லை. ஒரு சொல் சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அவள் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்து "பத்மா" என்று கூப்பிட வேண்டும்.

எங்கள் பழைய மாணவன் றியாஸ் புத்தளத்தில் அவளைக் கண்டுபிடித்துத் தந்தான். அவளுடைய மகள் நஸ்லியா போனில், "உம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டு, டீச்சர்" என்றாள். "ஆருக்கு, பிள்ளை, மட்டில்லை?" என்று நான் சிரித்துவிட்டேன். விசரி நான்!

றியாஸ் அந்த மெட்டைப் பாடியும் அனுப்பியிருந்தான். மூன்று கிழமை கிணற்றடியில் நின்று பழகினேன். என் மனுசன் சண்முகநாதன் பேப்பரை மடக்கிவிட்டு, "இஞ்சேரும், விடியத் துவங்கினால் ஏழாம் வாய்ப்பாடு. இந்த வயசிலை என்ன ஸ்கொலசிப் சோதினையோ?" என்றார். போங்காணும் உம்மடை பகிடியும் நீரும் என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எட்டேழு எனக்குச் சரியாக ஏறியது. துள்ளிக் குதிக்காத குறை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வான் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு பச்சை முக்காட்டோடு ஒருத்தி இறங்கினாள். அதே மூக்கு, அதே கன்னத்துக் குழி! எனக்குத் தெரிந்துவிட்டது! ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "எடியே லத்தீபா! ஒரு சொட்டும் மாறேல்லையடி நீ!" என்று கத்தினேன்.

"டீச்சர், நான் நஸ்லியா" என்றாள் அவள். "உம்மா உள்ளுக்கை இருக்கிறா."

பின்னால் மனுசன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். முப்பத்தைந்து வருடம் ஒருத்தி மாறாமல் இருப்பாளா? என் தலைக்குள் இருந்தது அந்த வயது லத்தீபாதானே.

உண்மையான லத்தீபா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். வற்றிப்போய், தடித்த கண்ணாடியோடு. தபால் கந்தோர் வரிசையில் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "இது ஆர்ரை வீடு?" என்று மகளைக் கேட்டாள்.

"உம்மா, பத்மா டீச்சர். நீங்கள் எந்த நாளும் சொல்லுவியளே."

"ஓம், ஓம்" என்றாள் மரியாதைக்கு. பிறகு நஸ்லியா என் காதோடு, "சில நாளையிலை எங்களையே தெரியாது, டீச்சர். குறை நினையாதேங்கோ" என்றாள்.

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. விடுவேனா நான்? அவளை விறாந்தையில் இருத்தி, நீர்வேலி வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து பாடத் தொடங்கினேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு... எட்டேழில் குரல் அப்படியே ஏறியது. ஒரு பிசகில்லை. றியாஸ் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பான். லத்தீபா பழத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "வடிவாப் பாடுறா. ஆர், பிள்ளை, இந்த மனிசி?" என்று மகளைக் கேட்டாள்.

எனக்கு உடைந்துவிட்டது. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பிடிவாதத்தில் இன்னொரு தரம் தொடங்கினேன். ஏழேழு நாற்பத்தொன்பதுக்குள்ளேயே மூச்சு முடிந்தது. எட்டேழு வந்தபோது ஏற முடியவில்லை. குரல் தன் பாட்டில் பழைய பள்ளத்தில் போய் விழுந்தது.

முழங்கையில் சுரீர் என்றது. ஐயோ அம்மா, அந்த நுள்ளு!

"எட்டேழு மேலை போகோணுமடி! எத்தினை தரம் சொல்லுறது உனக்கு, பத்மா!"

நஸ்லியா வாயைப் பொத்தினாள். லத்தீபா கண்ணாடிக்குள்ளால் என்னை உற்றுப் பார்த்தாள். கன்னத்துக் குழி மெல்ல விழுந்தது.

"எங்கையடி போயிருந்தனி இவ்வளவு நாளும்?"

"நான் ஒரு இடமும் போகேல்லையடி. நீயெல்லோ..." என்றேன். அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி சரி, அழாதை. பிள்ளையள் பாக்குதுகள்" என்றாள். "முதல்லை இருந்து பாடு."

பாடினேன். எட்டேழு வந்தது. இப்போது மூச்சும் இருந்தது, சரியாகவும் ஏற்றியிருப்பேன். ஆனால் முழங்கையை அவள் பக்கமாக நீட்டிக்கொண்டு, பிழையாகவே பாடினேன்.