இருபது பேருக்கு மேல் கூடாது

எங்கள் பட்டறையில் இரும்பு பீரோ செய்கிறோம். ஒரு பக்கம் தகடு வெட்டி, மடக்கி, வெல்டிங் வைப்பார்கள். மறுபக்கம் பெயிண்ட் அடித்துப் பூட்டு மாட்டுவார்கள். அப்பா போனபின் நானும் தம்பியும்தான் நடத்தினோம். ஒரு சமயம் ஆஸ்பத்திரி ஆர்டர் ஒன்று வந்தது. நாற்பது ஆள் வேண்டும். ஆனால் இருபது பேருக்கு மேல் வைத்தால் சட்டப்படி அது பெரிய தொழிற்சாலை. ஏழெட்டு அலுவலகங்களில் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம், ஒரு கும்பிடு, ஒரு கவர். வளர்ந்தால் உதைக்கிற சட்டத்தை எந்த மகராசன் எழுதினானோ!

அதனால் காகிதத்தில் பட்டறையை இரண்டாக்கினேன். இடத்தோடு சேர்த்து வெல்டிங் என் பெயரில், பெயிண்டிங் தம்பி பெயரில். இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர்.

சோதனைக்கு வந்த அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டு கம்பெனின்னா நடுவுல சுவர் வேணாமா?"

சுவர் எழுப்பினோம், பீரோ போக ஒரு கதவு விட்டு. அடுத்து வந்தவர் அவரைவிடக் கெட்டிக்காரர். "ரெண்டு கம்பெனிக்கு நடுவுல கதவு எதுக்கும்மா?" கதவையும் செங்கல் வைத்து அடைத்தோம்.

அன்றிலிருந்து கூத்துதான். வெல்டிங் முடிந்த பீரோவை நாலு பேர் தெருவில் தூக்கிப்போய், மூலை திரும்பி, தம்பி வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும். மழை பிடித்தால் பெயிண்ட் படுமுன்பே துரு ஏறிவிடும். "இன்னைக்கு ஊர்வலம் எத்தனை மணிக்கும்மா?" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரித்துத் தொலைப்பேன். ஆஸ்பத்திரி ஆர்டரைவிடப் பெரிய ஆர்டர் வந்தால் ஆள் சேர்க்க முடியாதே என்று வயிற்றெரிச்சலோடு திருப்பி அனுப்பினேன்.

அரசு மாறியது. போன மாதம் சட்டமும் மாறியது. அனுமதி இல்லாமலே நூறு பேர் வரை வைத்துக்கொள்ளலாமாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொத்தனாரைக் கையோடு கூட்டிக்கொண்டு தம்பியிடம் ஓடினேன்.

"இடிச்சிடலாம்டா! பழையபடி ஒரே பட்டறை. இனிமே எந்த ஆர்டரையும் விடவேணாம்."

அவன் தலையைச் சொறிந்தான். "சுவர் இருக்கட்டும்க்கா."

"ஏன்டா?"

"பெயிண்டிங்கை மூடிட்டு ஷோரூம் போடப்போறேன். வெளிநாட்டு பீரோ. நமக்கு ஆகுற செலவுல பாதிக்குத் தர்றாங்க. அங்க ஒரே கூரைக்குக் கீழ ரெண்டாயிரம் பேர் வேலை செய்யறாங்களாம். நம்மால முடியுமா?"

"முடிஞ்சிருக்கும்டா! நம்மள விட்டாங்களா?"

"அதை என்கிட்ட கேட்டு என்ன பண்றது?"

"இது நம்ம ரெண்டு பேரோட இடம்டா, பாவி."

"என் பேர்லதானே இருக்கு. நீதானேக்கா எழுதிக் கொடுத்தே."

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கொத்தனாருக்கு அரைநாள் கூலி கொடுத்து அனுப்பினேன்.

என் பக்கத்தில் பெயிண்டிங்குக்கு இடமில்லை; அதை வெளியே கொடுத்தால் அவன் ஷோரூம் விலைக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. எப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கட்டுப்படியாகவில்லை. மாதக் கடைசியோடு பட்டறையை மூடுகிறேன் என்று என் ஆட்களிடம் சொன்னேன். மூத்த வெல்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"நூறு பேர் வெச்சுக்கலாம்னு பேப்பர்ல போட்டிருக்காங்களேம்மா?"

மாதக் கடைசியில் கணக்கு முடித்து இருபது பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கு அனுமதி வாங்கினாயா என்று எவனும் என்னிடம் கேட்கவில்லை.