துறைமேடையில் தொங்கிய படகு

பிலியாஸ் கோத்ரோ தன் எழுபத்தொரு வயதில் ஒரே ஒரு தடவைதான் படகைக் குட்டைக் கயிற்றில் கட்டினார். அந்த ஒரு தடவை ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியாகப் போய்விட்டது.

கனடாவின் ஃபண்டி விரிகுடாக் கரையில் பிறக்கிற குழந்தை ‘அம்மா’ என்று சொல்லும் முன்பே ‘கயித்தை நீளமா விடு’ என்று சொல்லிவிடும். காலையில் துறைமேடைப் பலகையை நக்கிக்கொண்டிருக்கும் கடல், மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு மாடி இறங்கி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் எதுவுமே நடக்காததுபோல் திரும்பி வந்துவிடும். நீளக் கயிற்றில் கட்டிய படகு கடலோடு இறங்கிச் சேற்றில் குந்தியிருக்கும். குட்டைக் கயிற்றில் கட்டினால் என்னாகும் என்று அந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அப்படி யாரும் கட்டியதில்லை.

அன்று காலை ஆறரை மணிக்கு, கடல் தளும்பி நின்ற நேரத்தில், பிலியாஸ் மீன்பிடித்துத் திரும்பினார். கை கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாயோ ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. முன்பக்கம் ஒரு முழம், பின்பக்கம் ஒரு முழம் கயிறு விட்டு, முடிச்சை இறுக்கிவிட்டு, தலையை ஆட்டி ஆட்டித் தனக்குத்தானே பேசியபடி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் பதினைந்து, அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் விரட்டியும் திரும்பி வந்த பிரெஞ்சு ஜனமான அக்காதியர்களின் திருநாள். மாலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊரே சட்டியும் பானையும் தகரமும் எடுத்துத் தட்டிக்கொண்டு ஊர்வலம் கிளம்பும். ‘நாங்க இன்னும் இருக்கோம்’ என்று உலகத்துக்கு அறிவிக்கிற சத்தம் அது. நடுவில் இருக்கும் கடல் தடுத்திருக்காவிட்டால் பாரிஸ் நகரத்திலேயே சன்னல் கண்ணாடிகள் விழுந்திருக்கும். அந்த ஊர்வலத்தை நடத்திச் செல்கிறவர் யார் என்பதை அதற்கு முன் ஐந்து மணிக்கு நடக்கும் பொய்ப் போட்டிதான் தீர்மானிக்கும். விதி ஒன்றே ஒன்று: சொன்னது உண்மை என்று பொழுது சாய்வதற்குள் யாராவது நிரூபித்துவிட்டால் பட்டம் பறிபோகும்.

மூன்று வருடமாகப் பட்டம் பிலியாஸின் தங்கை கணவன் தொனாவிடம் இருந்தது. அதைவிட இந்த வருடம் வேறொரு விஷயம் பிலியாஸின் தூக்கத்தைக் கெடுத்தது. தேவாலயக் கூடத்துச் சமையலறையை ஆட்டிப்படைக்கும் எக்ஸில்டா திபோதோவிடம், தன் வண்டியில் கூரைப் பாலம் வழியாக ஒரு தடவை வருமாறு அவர் ஆறு முறை கேட்டிருந்தார். மரக்கூரையும் சுவரும் போட்டு இருட்டாக மூடிய அந்தப் பாலத்துக்குள் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே வண்டியில் நுழைந்தால் ஊர் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக் குதிரைகளே பாலத்தின் நடுவில் வந்ததும், சொல்லாமலேயே நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுமாம்.

ஏழாவது முறை கேட்டபோது எக்ஸில்டா மாவுக் கையோடு இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்:

“போட்டியில ஜெயி, வர்றேன். தோத்தே, அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் நீ வாயைத் திறந்தா உண்மை மட்டும்தான் வரணும். கூட்டிச் சொல்றது, குறைச்சுச் சொல்றது எதுவும் கூடாது. சம்மதமா?”

“ஒரு வருஷமா! அதுக்கு ஜெயில்ல போடலாமே என்னை.”

“ஜெயில்ல போட்டா அங்க உள்ளவங்கள்ட்ட அளப்பே. சம்மதமா, இல்லையா?”

சம்மதித்தார். வேறென்ன செய்வார்?

மத்தியானம் பன்னிரண்டரைக்கு, படகில் மறந்துவிட்ட புகையிலைப் பையை எடுக்கத் துறைக்குப் போனார். பனிக்கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கடல் போயிருந்தது. படகு போகவில்லை. துறைமேடையின் விளிம்பிலிருந்து, தூளிபோல், இரண்டு கயிற்றில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே பன்னிரண்டு மீட்டர் பள்ளத்தில் சேறு. படகின் விளிம்பில் ஒரு கடற்புறா உட்கார்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தது.

முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பாரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. கயிற்றை அறுத்தால் படகு விறகாகிவிடும். அதை இனிக் கடல்தான் வந்து இறக்க வேண்டும், அதற்கோ மாலை ஆறரை ஆகும். நல்லவேளை, கொட்டகை மறைத்தது. ஊரே கூடத்தில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தது. ‘எவனும் பாக்கல’ என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நழுவினார்.

போட்டிக்கு நடுவர், நாலு நாளுக்கு முன் மருந்துக்கடைக்கு வேலைக்கு வந்த லாரிசா வோரொனுக். ஊர்க்காரர் யாரும் நடுவராக முடியாது. எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். அவள் கடலே இல்லாத சஸ்காச்சுவான் மாகாணத்திலிருந்து வந்தவள். அங்கே நிலம் அவ்வளவு தட்டை, கோதுமை மூட்டைமேல் ஏறி நின்றால் மூன்று மாவட்டம் தெரியும். கடலை அவள் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை. இந்த நியூ பிரன்சுவிக் மாகாணத்திலோ சட்டப்படி இரண்டு மொழி. ஆகவே அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், ஊரார் பிரெஞ்சில் சிரித்தார்கள், காரியம் சுமுகமாக நடந்தது.

ஊர்ச் சங்கத் தலைவி ஓசித் முதலில் தொனாவைக் கூப்பிட்டாள். தொனா மேடையேறித் தொண்டையைச் செருமினார்.

“மாங்க்டன்ல காந்த மேடு இருக்குல்ல, எஞ்சினை அணைச்சா கார் தானா மேட்டுல ஏறுமே? போன வாரம் என் பசுவை அங்க நிறுத்திக் கறந்தேன். கறக்கக் கறக்கப் பால் வாளியிலேர்ந்து எழும்பி மடிக்கே திரும்பிப் போயிடுச்சு. மாடு அப்படியே உப்பி...”

கூடம் கூரை பறக்கச் சிரித்தது. பிலியாஸ் சிரிக்கவில்லை. அது அவருடைய பொய். இரண்டு வாரமாக வளர்த்த பொய். முடிதிருத்தும் கடையில் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து நாற்காலியில் முகத்தில் வெந்நீர்த் துண்டோடு ஒருவர் படுத்திருந்தார். துண்டுக்கு அடியில் இருந்தவை இந்தத் திருட்டுக் காதுகள்தானா!

“அடப்பாவி மச்சான்! என் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டியே” என்றார், தொனா இறங்கிவரும்போது.

“மாட்டுல உன் பேரு எழுதியிருந்துச்சா? போ, போயி வேற மாட்டைக் கற.”

பிலியாஸ் மேடையேறினார். வேறு பொய் ஒன்றைத் தேடினார். பேருந்து அளவுக்கு ஒரு சிங்க இறால் என்று சொல்லலாமா? அது ஷெடியாக்கில் சிலையாக நிற்கிறது, தினமும் ஆயிரம் பேர் பக்கத்தில் நின்று படமெடுக்கிறார்கள். தென்னை உயரக் கோடாரி? நாக்காவிக்கில் நட்டு வைத்திருக்கிறார்கள். பின்பக்கமாக ஓடும் ஆறு? செயின்ட் ஜான் நகரத்தில் தினம் இரண்டு வேளை ஓடுகிறது. நடந்து முடிப்பதற்குள் பசியெடுக்கும் மரக்கூரைப் பாலம்? ஹார்ட்லாண்டில் இருக்கிறது, உலகத்திலேயே நீளம். ஒரு மனிதன் நிம்மதியாகப் பொய் சொல்லக்கூட இடம் விடாமல் கடவுளும் ஊராட்சிகளும் சேர்ந்து இந்த மாகாணத்தை நிரப்பித் தொலைத்திருந்தார்கள்!

எக்ஸில்டா சமையலறைக் கதவில் சாய்ந்து, கரண்டியால் உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் முழுக்க உண்மை. பிலியாஸின் வாய் தானாகவே திறந்து, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது.

“இன்னிக்குக் காலையில நான் படகைத் துறையில கட்டினேன்” என்றார். “ஒரு முழக் கயித்துல.”

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது.

“மத்தியானம் வந்து பாத்தா கடல் இல்ல. பன்னெண்டு மீட்டர் இறங்கிப் போயிடுச்சு. படகு மட்டும் அந்தரத்துல தொங்குது. அதுல ஒரு கடற்புறா உக்காந்துகிட்டு, ‘என்ன முசியே, ஊஞ்சல் யாருக்கு?’ன்னு கேக்குது.”

புறா பேசியதை மட்டும் சேர்த்துக்கொண்டார். பழக்கதோஷம்.

லாரிசா கண்ணீர் வரச் சிரித்தாள். “பன்னெண்டு மீட்டரா! தண்ணி என்ன, லிஃப்ட்டா? எங்க ஊர்ல குளம் வத்தறதுக்கே மூணு மாசம் ஆகும். இவருதான்! பட்டம் இவருக்குத்தான்!”

தொனா துள்ளியெழுந்தார். “ஏம்மா, கடல் இறங்குறது உண்மைம்மா! தினம் ரெண்டு தடவை இறங்கும்!”

“பாருங்க, போட்டி முடிஞ்சும் இவர் விடமாட்டேங்கறாரு” என்று லாரிசா இன்னும் சிரித்தாள்.

ஓசித் மேசையைத் தட்டினாள். “தொனா, உக்காரு. கடல் இறங்குறது கடலோட விஷயம். இங்க கேள்வி, பிலியாஸ் குட்டைக் கயித்துல கட்டினானாங்கறது. இந்தக் கரையில அப்பேர்ப்பட்ட மடையன் ஒருத்தன் பொறந்ததும் கிடையாது, பொறக்கப்போறதும் கிடையாது. அது பொய்தான்.”

கூடம் கைதட்டியது. மகிழ்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் பிலியாஸ் குனிந்து வணங்கினார்.

ஆனால் தொனா கிட்டே வந்து அவர் காதை உற்றுப் பார்த்தார். “நாப்பது வருஷமா உன்னைப் பாக்கறேன். பொய் சொல்லும்போது உனக்குக் காது சிவக்கும். இன்னிக்குப் புறா பேசறப்பதான் சிவந்துச்சு. ஊர்வலம் துறைக்குத்தானே போகுது? பாத்துடுவோம்.”

ஆறுக்கு ஐந்து நிமிடம். மணி அடித்தது, ஊர் வெடித்தது. கன்னத்தில் தங்கள் கொடியின் நீல வெள்ளைச் சிவப்பும் மஞ்சள் நட்சத்திரமும் தீட்டிக்கொண்ட முந்நூறு பேர் (பிலியாஸைக் கேட்டால் மூவாயிரம்) சட்டிகளை அறைந்தார்கள். வழக்கமான பாதையில் போனால் துறைக்குப் பத்தே நிமிடம். படகு மிதக்க இன்னும் முப்பத்தைந்து நிமிடம் வேண்டும்.

வென்றவர் போகிற வழிதான் ஊர்வலத்தின் வழி. பிலியாஸ் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குத் திருப்பினார். “அவங்களும் நம்ம ஜனம்தானே? அவங்க காதுலயும் விழட்டும்!” ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு தட்டு. பிறகு தீயணைப்பு நிலையத்தை மூன்று சுற்று. பிறகு வயதான கன்னியாஸ்திரிகள் இல்லம். அங்கே தொண்ணூற்றாறு வயதுச் சகோதரி ஒருவர் சன்னலில் கழிவறைத் தகரப் பாத்திரத்தைத் தட்டிப் பதில் சொன்னதால் பத்து நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று.

“துறைக்குப் போடா மச்சான்!” என்று பின்னாலிருந்து கத்தினார் தொனா. பொறுமை போய், வரிசையை விட்டுக் குறுக்குச் சந்தில் புகுந்தார்.

சந்தின் முனையில் எக்ஸில்டா, துருவிய கிழங்கு உருண்டைகள் கொதித்த பெரிய அண்டாவோடு நின்றிருந்தாள்.

“நல்லவேளை வந்தே தொனா. இந்தா, பிடி.”

“எனக்கு அவசரம் எக்ஸில்டா...”

“எல்லாருக்கும் அவசரம்தான். பிடி! கீழ வெச்சே, ஊருக்கே ராச்சாப்பாடு மண்ணு. மெதுவா நட, தளும்புது.”

தொனா அண்டாவைச் சுமந்துகொண்டு, வயிற்றில் குழந்தையைத் தாங்கியவரைப்போல் அடிமேல் அடி வைத்தார். எக்ஸில்டா பக்கத்திலேயே நடந்து, ஒவ்வொரு கல்லையும் அவருக்குச் சுட்டிக்காட்டினாள்.

பிலியாஸ் கொட்டகைக்குப் பின்னால் முதல் ஆளாக ஓடினார். கடல் வந்திருந்தது! படகின் வயிற்றைத் தொட்டுத் தூக்கியிருந்தது, கயிறு அரைச் சாண் தளர்ந்திருந்தது. ஒரே குதி. கத்தியை எடுத்து இரண்டு கயிற்றையும் முடிச்சோடு அறுத்துப் படகுக்குள் போட்டுக்கொண்டு, மேடையைக் காலால் உதைத்துத் தள்ளினார். ஊர்வலம் துறையில் வந்து நின்றபோது பொய்யர் மன்னர் தண்ணீரில் மிதந்தபடி பானையை அடித்துக்கொண்டிருந்தார்.

தொனா அண்டாவோடு மூச்சிரைக்க வந்தார். படகைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். நிரூபிக்க ஒன்றுமில்லை.

லாரிசா காலடியில் பலகையை நனைத்துக்கொண்டிருந்த கடலைக் காட்டினாள். “பாருங்க, தண்ணி இங்கதான் நிக்குது! பன்னெண்டு மீட்டராம்! எப்படித்தான் தோணுதோ இவருக்கு!”

முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஓசித் மட்டும், “நாளைக்கு மத்தியானம் இந்தப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்கம்மா” என்றாள்.

பொழுது சாய இன்னும் முக்கால் மணி இருந்தபோது பிலியாஸின் வண்டி கூரைப் பாலத்தின் வாசலில் நின்றது. பக்கத்தில் எக்ஸில்டா. அவள் காதணி போட்டிருந்தாள். பிலியாஸ் எஞ்சினை அணைத்தார்.

“எக்ஸில்டா, நான் ஒண்ணு சொல்லணும். நீ இறங்கிக்கிறதுன்னா இறங்கிக்க. இன்னும் பொழுதும் சாயல, போய் ஓசித்கிட்ட சொல்லலாம். நான் மேடையில சொன்னது பொய்யில்ல. நிஜமாவே...”

“ஒரு முழக் கயிறு” என்றாள் எக்ஸில்டா. “ஒரு மணிக்குக் கடல்கீரை பறிக்கச் சேத்துல இறங்கினேன். தலைமேல ஏதோ நிழல் ஆடிச்சு. அண்ணாந்து பாத்தா உன் படகோட அடிவயிறு. மடையா.”

“அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேனே.”

“தோத்திருப்பே. அப்புறம் அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் உண்மை மட்டுமே பேசற பிலியாஸை இந்த ஊர்ல யாரு சகிக்கிறது? வண்டியை எடு.”

அந்தப் பாலத்தின் நீளம் முப்பது மீட்டர். ஒரே ஒரு வண்டி போகிற அகலம். பிலியாஸ் அதைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று என்பது தொனாவின் கணக்கு. ஏனென்றால் பின்னால் காத்துநின்ற ஏழு வண்டிகளில் முதல் வண்டி அவருடையது. ஏழு வண்டிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன. எக்ஸில்டா சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.