சௌரிராஜனின் மூக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்திரகிரி சாலைப் பூங்காவில் குடும்பத்தோடு வரச் சொல்லி ஒரு பட்டறை. செம்பருத்தியைக் கசக்கிச் சாறெடுக்கலாம், எலுமிச்சை பிழிந்து அது நிறம் மாறுவதைப் பார்க்கலாம், அந்தச் சாயத்தாலேயே படம் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாசனைப் போட்டி வேறு இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் இருப்பது என்னவென்று மோந்து சொல்ல வேண்டும்.

அதை நினைத்துத்தான் பெண் ஒரு வாரமாக வாயை மூடவில்லை. அவள் அப்பா சௌரிராஜன் திருப்பதியில் ஒரு பெருமாள் கோயிலில் மாலை கட்டுபவர். நாள் முழுக்கப் பூவோடு புழங்குகிற மனிதரை யாரால் ஜெயிக்க முடியும்? எங்கப்பாவுக்குக் கண்ணே வேண்டாம் என்று வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். அதைக் கேட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரித்த அஷ்வினும் பெற்றோரோடு வந்து எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தான். இன்று தோற்றால் அவன் முகத்தில் விழிக்கவே முடியாது.

சௌரிராஜன் வந்ததே பெரிய காரியம். லீவு கிடைத்தால் தூங்குகிற ஆள். ஆனால் செம்பருத்திச் சாறு எலுமிச்சை பட்டதும் பளிச்சென்று சிவந்ததைப் பார்த்துவிட்டு, இன்னொரு சொட்டு விடு என்று மகளை நச்சரிக்க ஆரம்பித்தார். சமையல் சோடா போட்டதும் அது பச்சையாகத் திரும்பியது. வேட்டியெல்லாம் சாயம். அம்மா யதுகிரி தலையில் அடித்துக்கொண்டே தானும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள்.

பட்டறையை நடத்திய ஷோபாவுக்குப் பக்கத்திலிருக்கும் நகரி ஊர். பூவின் துளிதான் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்து மூக்குக்குள் வருகிறது, அதைத்தான் வாசனை என்கிறோம் என்று விளக்கினாள். மோந்தவர் அந்தப் பூவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம் என்று கேட்டாள். சௌரிராஜன் பலமாகத் தலையாட்டினார்.

போட்டி தொடங்கியது. அஷ்வினின் அப்பா வெட்டிவேரை மோந்துவிட்டு ஏர்கூலர் என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்தது சௌரிராஜன். வேதா அஷ்வினைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

முதல் கிண்ணம் அவர் மூக்கருகே வந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றார். இரண்டாவதில் வாசனையே இல்லை என்றார். மூன்றாவது கிண்ணம் எதிர் மேசைவரை மணத்தது. அதற்கும் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா சாமி, ஜலதோசமா? இம்மா வாசனை வந்துக்கினு கீதே," என்றாள் ஷோபா.

அஷ்வின் மேசையைத் தட்டிச் சிரித்தான். வேதாவுக்கு மானம் போயிற்று. கண்ணில் நீர் முட்ட, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று எழுந்து போனாள். கிட்டப் போனபோதுதான் கவனித்தாள். கிண்ணம் நெருங்கினால் அப்பாவின் கன்னம் உப்புகிறது, விலகினால் உஸ்ஸென்று காற்று வெளியே வருகிறது. மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அது அவருக்கே தெரியவில்லை.

பெருமாளுக்குச் சாத்தும் முன் பூவை மோந்து பார்க்கக்கூடாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் அவர் மாலை கட்டுவார். கட்டிக் கட்டி, பூ கிட்டே வந்தாலே மூச்சு தானாக நின்றுவிடுகிறது. ஊரிலேயே அதிகம் பூ தொட்ட அப்பா ஒரு பூவைக்கூட ஆசையாக மோந்ததில்லை. இந்த மூக்கை நம்பியா சவால் விட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, இது பெருமாளுக்குக் கட்டற பூ இல்லே. நமக்கு வெச்சது. மூச்சை நன்னா இழுங்கோ."

"நெஜமாவா?" என்று தயங்கினார். பிறகு இழுத்தார். அப்படியே நின்றார். கிண்ணத்தை ஷோபாவின் கையிலிருந்து பிடுங்கி, முகத்தை அதற்குள் புதைத்து இன்னொரு முறை இழுத்தார். பூவின் பெயரைக் கேட்டாள் ஷோபா. தெரியலையே என்றார், அவ்வளவு சந்தோஷமாக. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், அவர் எத்தனையோ வெள்ளிக்கிழமை தொடுத்த செண்பகம்.

பரிசு வேறு யாருக்கோ போனது. அஷ்வின் என்னவோ கத்தினான். வேதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரிக்கிற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா இதையா அனுபவிச்சிண்டிருந்தார் பெருமாள்?" என்றார் சௌரிராஜன். "தினம் தினம் பார்க்கறோம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."