கீழ்வட்டை மண்

தில்லைமுனை வட்டையில் இருப்பது ஒரு மண்ணா இரண்டு மண்ணா என்பதுதான் கம்சாயினிக்கும் கிருஷாந்துக்கும் இடையில் நடந்த கடைசிச் சண்டை. புருஷன் பெண்சாதிக்குள் வருகிற மற்றச் சண்டைகளெல்லாம் சோறு ஆறுவதற்குள் முடிந்துவிடும். இது முடியவில்லை. முடித்துவைக்க ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

இருவருக்கும் ஒரே அலுவலகம். அவன் வெளிக்கள வேலைக்காரன். மோட்டார் சைக்கிளில் போய்க் குழி வெட்டி, மண்ணைப் படைபடையாகப் பார்த்து, பைகளில் கட்டிக்கொண்டு வருவான். அவள் ஆய்வுகூடத்தில் இருந்து அந்தப் பைகளை அவிழ்ப்பாள். உலர்த்தி, இடித்து, அரித்து, உப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு, களி எவ்வளவு என்று அளப்பாள். வலையிறவுப் பாலம் தாண்டி வாவியின் மேற்குக் கரையில் கிடக்கும் வயல்களுக்கு ஒரு மண் வரைபடம் செய்யும் பொறுப்பு அவர்களுடைய பிரிவிடம் வந்திருந்தது. ஒரு வாய்க்காலை நம்பியிருக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. ஒவ்வொரு வட்டைக்கும் இன்ன மண் என்று தீர்மானித்து நிறம் போட வேண்டும்.

தில்லைமுனை வட்டை மேட்டிலிருந்து மெல்லச் சரிந்து வாவிக்குள் இறங்கும். மேலே இருப்பவை மேல்வட்டை வயல்கள், கீழே தில்லைமரங்களை ஒட்டிக் கிடப்பவை கீழ்வட்டை. ஆவணி வெயிலில் எடுத்த மண்ணைப் பார்த்துவிட்டு, மேலும் கீழும் ஒரே மண்தான் என்று கம்சாயினி முடிவு சொல்லியிருந்தாள். கொஞ்சம் உவர் உண்டு, நல்ல மழை கழுவிவிடும், பயமில்லை. அவனும் அப்போது தலையாட்டினான்.

மார்கழி மழை வந்ததும் மாறிவிட்டான்.

"கீழ்வட்டையில தண்ணி பால் மாதிரி நிக்குது கம்சி. மேல்வட்டையில கண்ணாடி மாதிரி. ரெண்டும் ஒரே மண்ணெண்டா எப்பிடி?" கைபேசியில் எடுத்த படத்தை அவளுடைய சோற்றுக் கோப்பைக்கு மேலே நீட்டினான்.

"நீங்க கொண்டுவந்த மண்ணத்தானே நான் பார்த்தனான். ஒண்டுதான்."

"அது வரம்போரத்தில எடுத்தது. சரியான இடமில்ல."

"ஆர் உங்கள வரம்போரத்தில எடுக்கச் சொன்ன?"

"நீ ஆய்வுகூடத்துக் குவளைக்குள்ளால பார்க்கிறாய். அதுக்குள்ளால பார்த்தா உலகம் முழுக்க ஒரே மண்தான்."

"ஓம். சேத்துக்குள்ள நிண்டு பார்த்தா காலுக்குக் கால் வேற மண்."

குசினிக்குள்ளிருந்து அவனுடைய தாய் வசந்தாதேவி சத்தம் போட்டாள். "மண்ணத்தான் தின்னப் போறீங்களெண்டா ரெண்டு பேரும் தின்னுங்க. நான் மீன் பொரிச்சது மூஞ்சூறுக்கோ?"

சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவன் விடவில்லை. அவன் நினைத்தது சரியாக இருந்தால் அது சின்ன விஷயமில்லை என்று அவளுக்கும் தெரியும். வெறும் உப்பு மண்ணை மழை கழுவும். சோடியம் ஏறிய களியோ கழுவக் கழுவக் கரைந்து பாலாகும், காய்ந்தால் சீமெந்தாகும், நெல்லின் வேர் உள்ளே இறங்காது. ஜிப்சம் போட்டு வருசக்கணக்கில் திருத்த வேண்டிய மண் அது. அதுவரைக்கும் வெள்ளாமைக்கு உதவாத நிலம் என்று பேரெழுதி வைப்பார்கள்.

"நான் சரியான இடத்தில எடுத்துக்கொண்டு வாறன். உடைச்சுப் பார். பிறகு கதைப்பம்" என்றான்.

மழை விட்ட ஒரு காலையில் போனான். முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டியபோது மட்டி ஓடு ஒன்று பாதத்தைக் கீறியது. வந்து மண்பையை அவளுடைய மேசையில் வைத்து, "இந்தா, உன்ட வாயை அடைக்க" என்றான். பையின் வாயை வழக்கம்போல் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தான். அவள் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று திட்டினாள். சரசரவென்று காலைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டான். அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் வந்தது. தடிமன், சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கண் சிவந்து, கெண்டைக்கால் வலியென்று அழ ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல். வயலில் இறங்குகிற விவசாயிகளுக்கு அதற்கென்று குளிசை கொடுத்திருந்தார்கள். மண் பார்க்கப் போகிறவனுக்கும் அது வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. பொங்கலுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மற்ற வட்டைகளின் பைகளையெல்லாம் கம்சாயினி ஒவ்வொன்றாக அவிழ்த்து முடித்தாள். அந்தப் பையை மட்டும் உலர்த்துவதற்காகத் தட்டில் கொட்டியவள், உலர்ந்ததும் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டாள். மாசி போனது, மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று அடித்து ஓய்ந்தது. வரைபடத்தில் தில்லைமுனை மட்டும் நிறமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. மேலிடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அவளைத் தடுத்தது மண் இல்லை. வசந்தாதேவி மகன் போன துக்கம் கேட்க வருகிற எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்ட மகன் புதுசா ஒரு மண் கண்டுபிடிச்சவன். மருமகள் படம் கீறி முடிச்சா எல்லாருக்கும் தெரியவரும்." குருக்கள்மடம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறபோதும் சொன்னாள். கண்ணகி அம்மன் கோயில் வாசலிலும் சொன்னாள். அந்த மண் உண்மையாக இருந்தால், அவன் ஏதோ ஒன்றுக்காகப் போனான். இல்லையென்றால்? அந்த இடத்துக்கு வந்ததும் கம்சாயினி நினைப்பதை நிறுத்திவிடுவாள்.

தோற்றுப்போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வாழ்க்கையில் ஒரு சண்டையில் தோற்பதற்கு இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

புரட்டாதியில் ஒரு நாள் பையை எடுத்து மேசையில் வைத்தாள். கூடவே வேலை செய்கிற ரிஸ்கான் காத்தான்குடியிலிருந்து அப்போதுதான் வந்து தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பையைப் பார்த்ததும் போய் மின்விசிறியை நிறுத்தினான். தண்ணீர் அசையக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

சோதனை மிகச் சின்னது. பயறளவு மண்கட்டி ஒன்றைத் தூய நீருள்ள கண்ணாடித் தட்டில் மெதுவாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சோடியக் களியானால் கட்டியைச் சுற்றிப் பால் கசியத் தொடங்கும். பிறகு முகில்போலப் பரவும்.

அவள் கட்டியை வைத்தாள். அது உடைந்தது. சின்னச் சின்ன மணிகளாக உதிர்ந்து தட்டின் அடியில் குவிந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"உடையுது" என்றாள்.

"உடையிறது வேற, கரையிறது வேற மிஸ்" என்றான் ரிஸ்கான் மெல்ல.

அது அவளுக்குத் தெரியாததா? இன்னொரு கட்டி வைத்தாள். இன்னொன்றை நனைத்துப் பிசைந்து உருட்டி வைத்தாள். தேநீர் குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்தாள். தட்டுக்கு அடியில் வைத்திருந்த கறுப்புக் கடதாசியின் கோடுகள்கூடத் தண்ணீருக்குள்ளால் தெளிவாகத் தெரிந்தன.

"உப்புக் கூடினா அதுவும் களியக் கரையாமப் பிடிச்சு வைச்சிரிக்கும்" என்றாள். அது உண்மைதான். ஆனால் அவளுடைய குரல் கடைக்காரனிடம் பேரம் பேசுகிற குரலாக இருந்தது. உப்பை அளந்தாள். உப்பு இல்லை, மாரி மழை கழுவிவிட்டிருந்தது. சோடியத்தைச் சுவாலையில் வைத்து அளந்தாள். மேல்வட்டைக்கு வந்த அதே அளவுதான் வந்தது. ரிஸ்கானைக் கூப்பிட்டு அவன் கையாலும் ஒருமுறை அளக்கச் சொன்னாள். அவனுக்கும் அதுவேதான்.

அப்படியானால் அந்தப் பால்?

அதைத் தேடத்தான் அவள் மறுநாள் முழுவதும் இருந்தாள். மழை அளவு, குளத்துக் கதவுகள் திறந்த நாட்கள், வாவியின் நீர்மட்டம், தரையின் உயரக் கோடுகள். எல்லாம் பக்கத்துப் பக்கத்து அலுவலகங்களில் சும்மா கிடந்தவை. ஒரு தொலைபேசி அழைப்பில் வந்து சேர்ந்தன. போன மாரியில் உன்னிச்சைக் குளம் நிரம்பிக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வெள்ளம் வண்டலோடு வாவிக்கு ஓடி வந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்திருக்கும்; வழக்கமாக அந்த நேரத்தில் அதை வெட்டிவிடுவார்கள். போன மாரியில் வெட்டப் பிந்திவிட்டது. வயல் மூழ்குகிறது, வெட்டுங்கள் என்று விவசாயிகள் நின்றார்கள். இப்போது வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்று மீனவர்கள் நின்றார்கள். கூட்டம் வைத்துக் கதைத்து முடிப்பதற்குள் போக வழியில்லாத தண்ணீர் பின்னுக்கு ஏறிக் கீழ்வட்டைக்குள் வந்து நின்றது. பால்போல நின்றது அந்தத் தண்ணீர். உன்னிச்சையின் வண்டல்.

கிருஷாந்த் தன்னுடைய வெளிக்கள வரைபடத்தில் சிவப்பால் ஒரு கோடு கீறி வைத்திருந்தான், இங்கேதான் மண் மாறுகிறது என்று. அவள் அதை உயரக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். வளைவுக்கு வளைவு பொருந்தியது. அவன் கண்ணில் பிழையில்லை. ஒரு கோடு இருந்தது உண்மைதான். அது வெள்ளம் ஏறி நின்ற கோடு.

கம்சாயினி கதிரையில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்குச் சோற்றுக் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் இதே தாள்களைப் பரப்பிப் பார்த்திருக்கலாம். முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லையாம் என்று அந்த நாட்களில் ஊரே கதைத்தது. அவர்களுடைய வீட்டிலும் கதைத்தார்கள், இறால் விலையைப் பற்றி. பாலம் தாண்டி அதே வாவியைப் பார்த்துக்கொண்டுதான் அவன் தினமும் போய்வந்தான். ஒருவருக்கும் இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. குழி வெட்டியிருக்கவே தேவையில்லை.

ரிஸ்கான் தேநீரைக் கொண்டுவந்து வைத்தான். வரைபடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மிஸ், ஒண்டு சொன்னாக் கோவிக்கக்கூடா."

"சொல்லுங்க."

"கிருஷாந்த் சேர்ர கோட்டையே போட்டு விடுவமே. கீழ்வட்டை வேற மண்ணெண்டு. ஆர் வந்து தோண்டிப் பார்க்கப் போறான்? அவர்ர பேரும் நிக்கும்."

ரிஸ்கான் அன்பினால்தான் சொன்னான். பென்சிலும் அவள் கையில்தான் இருந்தது. ஒரு கோடு, இரண்டு நிறம், அவ்வளவுதான். மாமி சந்தியில் நின்று கதைக்கலாம். அவன் கடைசியாகச் சொன்ன சொல் சரியாகிவிடும். அவள் பென்சிலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தும் பார்த்தாள்.

"கீழ்வட்டைக்காரன் வந்து, எங்கட மண்ணுக்கு என்னத்துக்கு ஜிப்சமெண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற ரிஸ்கான்?"

"அது..."

"ரெண்டு மூணு வருசம் வெள்ளாமை செய்யாத எண்டு சொல்லுவாங்க. நல்ல மண்ண வைச்சுக்கொண்டு அவன் கூலிக்குப் போறதா?" பென்சிலைக் கோட்டிலிருந்து எடுத்தாள். "அவர் பிழையா நினைச்சவர். பொய் சொன்னவரில்ல. நாம போட்டா அவர்ர பேரில பொய்யாப் போயிரும்."

தில்லைமுனை வட்டை முழுவதற்கும் ஒரே நிறத்தைத் தீட்டினாள். மண்ணெடுத்தவர் என்ற இடத்தில் அவனுடைய பெயரை எழுதினாள். தீட்டி முடிந்ததும் அழவேண்டும் போலிருந்தது, ஆனால் அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வசந்தாதேவி கிணற்றடியில் ஓரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முள்ளுக் குத்தாமல் ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி?"

"படம் முடிஞ்சிது மாமி."

வசந்தாதேவியின் கை நின்றது. "அவன்ட மண்?"

இல்லை என்று சொல்ல எத்தனையோ வழிகளைப் பஸ்ஸில் வரும்போது யோசித்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "கீழ்வட்டையும் மேல்வட்டையும் ஒரே மண்தான் மாமி. வெள்ளத் தண்ணி வந்து நிண்டதால வேற மாதிரித் தெரிஞ்சிரிக்கு."

"நீ சரியாப் பார்த்தியா?"

"ரிஸ்கானும் பார்த்தவர்."

மாமி கத்தியைச் சருவச்சட்டியின் விளிம்பில் வைத்தாள். வாளித் தண்ணீரில் கையை விட்டு, கழுவாமல், அப்படியே வைத்திருந்தாள்.

"அப்ப என்னத்துக்குப் போனவன்?"

கம்சாயினி அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். "அவர் கொண்டுவந்த மண்ணாலதான் மாமி ஒரே மண்ணெண்டு நிச்சயமாச் சொல்லக்கூடியதா இரிந்தது. அது இல்லாட்டி நான் சும்மா வாயால சொன்னதுதான். இனிக் கீழ்வட்டைக்காரர் பயமில்லாம விதைக்கலாம்."

"அதுக்கு மட்டுமா?"

வேறு ஏதாவது சொல்லலாமா என்று தேடினாள்.

"ஓம் மாமி. அதுக்கு மட்டும்தான்."

வசந்தாதேவி தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஈரக் கையால் மருமகளின் முழங்காலைப் பிடித்து, அதில் ஊன்றிக்கொண்டு எழும்பப் பார்த்தாள். எழும்ப முடியவில்லை. பிடித்தபடியே இருந்துவிட்டாள். கம்சாயினியும் அசையவில்லை.