இருபதாம் எண் துளை

வகுப்பறையில் பதினாறு, வீட்டில் பதினான்கு. அதே வயர், அதே ஸ்ட்ரிப்பர், அதே ஆள். பெனிற்றா சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளின் மேல், உறை உரித்த வயரின் செம்பு இழைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து மூன்றாம் தடவையும் எண்ணினாள். பதினான்குதான். அறுந்த மற்ற இரண்டும் தலைமயிர்த் துண்டுகள்போல உரித்த உறைக்குள் சுருண்டு கிடந்தன.

இரண்டு இழைகளில் என்ன வந்துவிடப் போகிறது என்று யாரும் கேட்கலாம். ரோபோக் கையின் முழங்கைக்குள் ஓடும் வயர் நாள் முழுக்க மடங்கி மடங்கி நிமிர்கிறது. இரண்டு இழை அறுந்தால் மிச்சத்தின் மேல் பாரம் கூடும், பிறகு மூன்றாவது அறும், நான்காவது அறும். கடைசியில் கை வேலையின் நடுவில் வலிப்பு வந்ததுபோலத் துள்ளும். போன வியாழக்கிழமை அவள் வீட்டில் செய்துகொண்டுபோன வயர்க்கட்டைப் பூட்டியபோது அதுதான் நடந்தது. இருநூறாவது மடிப்புக்குப் பிறகு கை துள்ளியது. ரோபோ திருத்தப் பழக்கும் மாலை வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

வகுப்பை நடத்தும் ஹம்சா கோயம்புத்தூர்க்காரர். பகலில் எங்கோ எஞ்சினியர், செவ்வாயும் வியாழனும் மாலையில் ஆசிரியை. எல்லோரோடும் ஆங்கிலத்தில் பேசுபவர், பெனிற்றாவின் மேசைக்கு வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். கை துள்ளிய அன்றும் மாறினார்.

"இது வீட்ல பண்ணதா?"

"ஓம், மிஸ்."

"கிளாஸ்ல நீ உரிச்சது ஒண்ணுகூடத் தப்பு இல்ல. ஆனா நாப்பது நிமிஷத்துல பன்னெண்டு முனைக்கு ஏழுதான் முடிக்கிற. வேகம் வரட்டும்னுதான் வீட்டுக்குக் குடுத்தேன். வீட்ல மட்டும் என்ன ஆகுது?"

"தெரியேல்ல, மிஸ். அதே இருபதாம் எண் துளைதான்." ஸ்ட்ரிப்பரின் தாடையில் வயரின் பருமனுக்கு ஏற்ற துளைகள் எண் பொறித்து வரிசையாக இருந்தன; எண் கூடக் கூடத் துளை சின்னது.

"ஆமா, இருபதுதான். வேற கருவி எடுத்துப் பாரு. எது உனக்கு ஒத்து வருதுன்னு நீதான் முடிவு பண்ணணும். செவ்வாக்கிழமை எல்லாரும் அவங்கவங்க கருவியோடதான் வரணும்."

செவ்வாய்க்கிழமை தேர்வு. நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு முனை. உறையில் கீறல் இருக்கக்கூடாது. ரோபோக் கை ஐந்நூறு முறை மடங்கி நிமிரவேண்டும். தேறுகிறவர்களின் பெயரை ஹம்சா ஒரு பட்டறைக்கு அனுப்புவார். கிடங்குகளில் சாமான் தூக்கும் ரோபோக்களைத் திருத்தும் இடம். இந்த வருடம் ஆள் எடுப்பது இந்த ஒரு தரம்தான். மூன்று வருடமாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெனிற்றா, அந்தக் கவுண்டரை விட்டு வெளியே வருவதற்குக் கண்ட கதவு அது ஒன்றுதான்.

பக்கத்து மேசை புவனேந்திரன் பஸ் ஓட்டுகிறவர். அவர் தன்னுடைய ஸ்ட்ரிப்பரைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். அது பெரியது, தாடை அகன்றது, துளைகளே இல்லாதது.

"பிள்ளை, உந்த ஓட்டைக் கணக்கை விடு. இது தானாப் பிடிக்கும், தானா உரிக்கும். ஓட்டோமற்றிக் பஸ் மாதிரி. கொண்டுபோ."

"நீங்கள் என்ன செய்வீங்கள், அண்ணை?"

"நான் சமாளிப்பன்." அவள் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் கொப்பியைக் காட்டினார். "இதுக்கும் கொப்பியிலை எழுதுவியோ?"

"எழுதுவன்."

"எழுது. ஆனால் என்ரை பேரை நல்லதாப் போடு."

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவள் பரிசோதித்தாள். கொப்பியில் கட்டம் கீறி, நாள், கருவி, துளை, இழை, கீறல் என்று தலைப்புப் போட்டிருந்தாள். புவனேந்திரனின் கருவி பதினாறு இழையையும் காப்பாற்றியது, ஆனால் மெல்லிய உறையில் பல் பதிந்தது. கீறல் என்றால் தோல்வி. சரி, தன்னுடையதையே வைத்துக்கொண்டு துளையை மாற்றலாம் என்று பதினெட்டாம் எண்ணில் உரித்தாள். பதினாறு. மறுபடி பதினெட்டு, மறுபடி பதினாறு. சந்தோஷப்படப் போனவள் பழைய பக்கத்தைப் புரட்டினாள். வகுப்பில் ஒரு நாள் கைதவறிப் பதினெட்டில் வைத்தபோது உறை வெட்டுப்படவே இல்லை என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது.

அப்படியென்றால் வகுப்பில் இருபது சரி, பதினெட்டு பிழை. வீட்டில் பதினெட்டு சரி, இருபது பிழை. ஒரு இரும்புத் துண்டு இல்ஃபோர்டில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் எப்படி மாறும்?

இணையத்தில் தேடினாள். ஒருவர் சூட்டால் உரிக்கச் சொன்னார், இன்னொருவர் சூடு கூடவே கூடாது என்றார். வயர்ச் சுருளில் 0.5 சதுர மில்லிமீற்றர் என்று இருந்தது. அதற்கு இருபது என்றது ஒரு அட்டவணை, இருபத்தொன்று என்றது மற்றது. வாசிக்க வாசிக்கக் குழப்பம் கூடியது. வகுப்பறை குளிர், வீடு சூடு. உறை இளகி இழையோடு ஒட்டுகிறதோ என்று நினைத்து ஹீற்றரை நிறுத்திவிட்டு ஒரு மணிநேரம் காத்திருந்தாள். விரல் விறைத்தது. பதினான்கு.

பிழை தன்னில்தான் என்ற முடிவுக்கு அவள் வந்துகொண்டிருந்தபோது அம்மா அஞ்சலீனா பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தார். உள்ளே வந்து கோட்டைக் கழற்றப் போனவர் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஹீற்றரை ஏன் நிப்பாட்டினனீ?"

"ஒரு பரிசோதனை, அம்மா."

"ஆரைச் சாக்கொல்லுற பரிசோதனை? பூசைக்கும் வரேல்ல. பார், பிறகும் அந்தக் கை."

"எந்தக் கை?"

"பிடிச்சிருக்கிற கை. எத்தினை தரம் சொல்லுறது? கத்திரிக்கோலும் அந்தக் கை, கத்தியும் அந்தக் கை. வெளியிலை ஆராவது கண்டால் நான் வளர்த்த லட்சணம் எண்டு சொல்லுவினம்."

வாக்குவாதத்துக்கு நேரமில்லை. பெனிற்றா ஸ்ட்ரிப்பரை வலக்கைக்கு மாற்றினாள். அடுத்த வயரை இருபதில் வைத்து அழுத்தி இழுத்தாள். வழக்கப்படி எண்ணினாள்.

பதினாறு.

இன்னொன்று எடுத்தாள். பதினாறு. இடக்கைக்கு மாற்றினாள். பதினான்கு.

"என்னடி, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

"அம்மா, கையைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னதைக் கேட்டிருந்தால் இப்ப கேட்கத் தேவையில்லை." அம்மா ஹீற்றரைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.

சாப்பிடவும் எழுதவும் சிலுவை அடையாளம் போடவும் ஒரு பொருளைக் கொடுக்கவும் வாங்கவும் வலக்கைதான் என்று நேர்சரிக்குப் போகுமுன்பே அம்மா பழக்கியிருந்தார். ஆட்கள் இருக்கும் இடத்தில் அவளுடைய வலக்கை கேட்காமலே முன்னுக்கு வரும். தனியாக இருக்கும்போது இடது வரும். வகுப்பில் தான் ஒரு கை, வீட்டில் மற்றக் கை என்பதை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. கொப்பியில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, கைக்கு இல்லை.

முதலில் அவளுக்கு வெட்கம்தான் வந்தது. அம்மா சொன்னதுதான் சரி, இடக்கை பிழையான கை. ஆனால் வலக்கையால் செய்தால் நாற்பது நிமிடத்தில் ஏழு முனைக்கு மேல் வராது; வேகம் இடக்கைக்குத்தான். ஒழுங்காகச் செய்து தோற்பதா, வேகமாகச் செய்து தோற்பதா என்பதுதான் மிச்சம்.

ஆனாலும் கைக்கு ஒரு கட்டம் கீறினாள். ஒவ்வொரு கைக்கும் பத்து வயர். ஸ்ட்ரிப்பரைக் கைமாற்றிக் கைமாற்றிச் செய்கையில், ஆறாவது வயரில் ஒன்று உறுத்தியது. வலக்கையில் பிடிக்கும்போது இருபதாம் துளை நுனியிலிருந்து நான்காவது. இடக்கையில் பிடிக்கும்போது மூன்றாவது.

இடக்கையில் கருவியை வைத்துக்கொண்டு அந்தத் துளைக்குள் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி, மறுபக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் இருபது என்று இருந்த துளைக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு என்று இருந்தது. தாடையின் அடியில், எண்களைவிடச் சின்னதாக, ஒரு முகத்தில் சாலிட் என்றும் மறுமுகத்தில் ஸ்ட்ராண்டட் என்றும் பொறித்திருந்தது. சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பிக்கு ஒரு முகம்; பல இழை திரித்த வயருக்கு மற்றது. எண் ஒன்றானாலும் ஒற்றைக் கம்பி மெல்லியது, அதன் துளையும் சின்னது. வலக்கைக்காரர் பிடித்தால் இழைவயரின் முகம் கண்ணுக்கு முன்னால் வரும். இடக்கையில் பிடித்தால் ஒற்றைக் கம்பியின் முகம்.

அவள் ஆறு வாரமாக வீட்டில் சின்னத் துளையில் வைத்து இழைகளை அறுத்திருக்கிறாள்.

சரியாகக் கண்டுபிடித்தேனா என்ற சந்தேகத்தில் பிறகும் இருபது வயரை உரித்துப் பார்த்துவிட்டுத்தான், நகப்பூச்சை எடுத்து, இடக்கைக்குத் தெரியும் முகத்தில் பதினெட்டு என்றும் மறுமுகத்தில் இருபது என்றும் இருந்த துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை புவனேந்திரனின் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தபோது வலக்கைதான் முதலில் நீண்டது. அதை மடியில் வைத்துவிட்டு இடக்கையால் எடுத்தாள்.

"பிள்ளை, நீ இடக்கையோ?"

"வீட்டிலை மட்டும், அண்ணை. இண்டைக்கு இஞ்சையும்."

முப்பத்தொரு நிமிடத்தில் பன்னிரண்டு முனையும் முடிந்தன. மிச்ச ஒன்பது நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல், எங்கோ ஒன்றைத் தவறவிட்டிருப்பேன் என்று முனைகளை மறுபடி மறுபடி எண்ணினாள். ரோபோக் கை மடங்கத் தொடங்கியது. இருநூறைத் தாண்டியது. முந்நூறு. நானூறு. ஐந்நூறில் கை நிமிர்ந்து, துள்ளாமல் நின்றது.

ஹம்சா அவளுடைய ஸ்ட்ரிப்பரை எடுத்துச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். "இது என்ன, பதினெட்டுல?"

பெனிற்றா திக்கித் திக்கிச் சொன்னாள். ஹம்சா தன்னுடையதை எடுத்துத் திருப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டக் கொண்டுபோனார்.

"பதினோரு வருஷமா வச்சிருக்கேன். இந்தப் பக்கம் நம்பர் வேறன்னு எனக்குத் தெரியாது." கருவியை மேசையில் வைத்தார். "அந்த நோட்டுப் பக்கத்தைக் கொடு, காப்பி எடுத்துக்கறேன். இண்டர்வியூ திங்கட்கிழமை. உன் பேரைப் போட்டுட்டேன்."

பெனிற்றா கொப்பியைத் திறந்தாள். புவனேந்திரன் எட்டிப் பார்த்தார்.

"என்ரை சாமானைப் பற்றி என்ன எழுதினனீ?"

"பல்லுப் பதியுது எண்டு, அண்ணை."

"ஓம், அது எனக்குத் தெரியும்," என்றார் அவர். "இல்லாட்டில் ஏன் உனக்குத் தந்தனான்?"