ஒரே நெஞ்சுப் படம்

எக்ஸ்ரே சென்டர் கம்ப்யூட்டரில் ஊசி குத்தவும் இடமில்லை. "நீதான் பெரிய கம்ப்யூட்டர் புலியாச்சே மாப்ள, வந்து குப்பையை அள்ளிப் போடு" என்று சென்டரை நடத்தும் அக்கா புருஷன் கூப்பிட்டதால், அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் தேடிப் பிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டான். அது பெயரைப் பார்க்காது. உள்ளே இருப்பது அச்சு அசலாக ஒன்றுதானா என்று மட்டுமே பார்க்கும்.

முதலில் சினிமாப் பாட்டுகளாக வந்தன.

"வேலை நேரத்துல கச்சேரியா அத்தான்?"

"ஆள் வராதப்ப வேற என்ன பண்ண, உக்காந்து அழவா?" அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

அப்புறம் ஒரு நெஞ்சுப் படம் வந்தது. அதே படம், வேறு வேறு நோயாளிகளின் பெயரில், திரை நிறைய.

மென்பொருள் மேல்தான் முதலில் சந்தேகம். இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இடப்பக்க விலா எலும்பு ஒன்று எப்போதோ முறிந்து கூடியிருந்தது. இரண்டிலும். மூன்றாவதிலும். ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்தால்கூடப் படம் இம்மி பிசகாமல் ஒன்றுபோல வராது.

பட்டியலைக் கீழே இழுத்தான். அவன் மனைவி பெயர் இருந்தது.

மாதக்கணக்கில் இருமுகிறாள். "நுரையீரல் பளிங்கு மாதிரி இருக்கு" என்று கவரைக் கையில் கொடுத்தவர் அத்தான். அதை நம்பி டாக்டர் வெறும் இருமல் மருந்து எழுதினார். அவள் ஒருநாளும் எலும்பு முறிந்து படுத்தவள் இல்லை.

திரும்பினான். அத்தான் பின்னாலேயே நின்றிருந்தார்.

"மெஷின் மக்கர் பண்ணுச்சு மாப்ள. வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா வேற இடம் பாத்துக்குவாங்க. நல்ல படம் ஒண்ணைப் போட்டுக் கொடுத்தேன். சரியானதும் கூப்பிட்டு எடுத்துக்கலாம்னு..."

"கூப்பிட்டீங்களா?"

அத்தான் மவுஸின் மேலிருந்த அவன் கையைத் தன் கையால் மூடினார்.

"ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிரு. அதுக்குத்தானே வந்தே. உங்க அக்காவை நெனச்சுப் பாரு."

கையை உருவிக்கொண்டு எழுந்து மனைவிக்குப் போன் போட்டான்.

"உடனே கிளம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்குங்க? எக்ஸ்ரே எடுத்த அண்ணன்தான் ஒண்ணுமில்லைன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. நிற்கவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருந்தார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.